இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை

1

ஒரு படிவத்தில் காலியாகக் கிடந்த வரியிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று தொடங்க நினைத்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவல்ல. நான் செய்த ஒரு காரியத்தைப் பூசி மெழுகப் போய்ப் பிறந்தது இந்தக் கதை. என்ன காரியம் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய மருத்துவமனையின் பக்கவாட்டு வாசலுக்கு எதிரே, எட்டுக்குப் பத்து அளவில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு இயந்திரங்கள். ஒன்று வேலை செய்யும், இன்னொன்று சத்தம் மட்டும் போடும். நகல் எடுப்பேன், லேமினேஷன் போடுவேன், படிவம் நிரப்பத் தடுமாறுகிறவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பேன். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். கோணலாக விழுந்த நகல், மை அப்பிய நகல், தலை வெட்டுப்பட்ட அடையாள அட்டை என்று எது வீணானாலும் அதன் பின்பக்கம் என் கதைக்கு.*

* இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னை மாட்டிவிட்டது இதுதான்.

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலில் வந்தது இருமல். அதற்குப் பின்னால்தான் அவள்—

(விட்டுவிட்டேன். மருத்துவமனை வாசலில் கடை வைத்திருக்கிறேன். இருமாமல் வருகிறவர்கள்தான் குறைவு. அவளுடைய இருமலை மட்டும் தனியாகக் கேட்டேன் என்றால் அது பொய்.)

பெருநகரங்களில் வீடில்லாமல் வாழும் இளைஞர்களின் எண்ணிக்கை—

(இது கட்டுரை. எண்ணிக்கை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஐந்து பேர்.)

அந்தப் பெண் பரிதாபமாக நின்றாள்—

(இல்லவே இல்லை. சண்டைக்கு நின்றாள்.)

2

அவளுக்குப் பத்தொன்பது வயது. கூட இருப்பவர்கள் அவளை 'வக்கீல்' என்று கூப்பிடுகிறார்கள். பொதுக் கழிப்பறையில் சீட்டு கிழிக்கிறவரிலிருந்து ரோந்து வரும் போலீஸ்காரர் வரை யாரிடமும் நியாயம் கேட்காமல் ஓர் அடி நகர மாட்டாள். பகலில் வாகன நிறுத்தத்தில் கார் துடைக்கிறாள். படுப்பது மேம்பாலத்துக்குக் கீழே. மொத்தம் ஐந்து பேர், எல்லோரும் பதினாறுக்கு மேல், இருபத்திரண்டுக்குள். வரிசையாகப் படுப்பார்கள். நடுவில் படுப்பவருக்குக் குளிர் குறைவு என்பதால் நடு இடத்துக்கு முறை வைத்திருக்கிறார்கள்.

(அவள் ஏன் வீட்டை விட்டு வந்தாள்? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். மூன்று காரணங்கள் யோசித்து, மூன்றையும் உருக்கமாக எழுதி வைத்திருந்தேன். பிறகு அவளிடமே கேட்டேன். "அந்தக் கேள்வி ஃபார்ம்ல இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்றாள். ஆகவே இந்தக் கதையிலும் அந்தக் கட்டம் கிடையாது.)

அன்று அவள் கசங்கிய படிவத்தோடு வந்தாள். நெஞ்சுநோய்ப் பிரிவில் சளியைச் சோதித்துக் காசநோய் என்று சொல்லியிருந்தார்கள். மாத்திரை இலவசம்தான். ஆனால் பதிவு செய்யும் கவுன்டரில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"முகவரி இல்லையாம்ணே."

"காலியா விட்டா எப்படி?"

"காலியா எங்க விட்டேன்? நல்லாப் பாருங்க. மேம்பாலம், தூண் எண் இருபத்தேழு. மாநகராட்சியே பெயின்ட்ல எழுதி வச்ச நம்பர். இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு அவ்வளவு பெருசா நம்பர் கிடையாது."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"கம்ப்யூட்டர் எடுத்துக்காதாம். கதவு எண் வேணுமாம். தூணுக்கு எங்கண்ணே போய்க் கதவு வைக்கிறது?"

சொல்லிவிட்டுத் தெருப் பக்கம் திரும்பி, முழங்கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருமினாள். இருமி முடிக்கும்வரை கவுன்டர் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்த வரியை அடித்துவிட்டு என் கடையின் கதவு எண்ணை எழுதினேன். ஏற்கெனவே தூண் இருபத்தேழைச் சேர்ந்த மூன்று பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவனுக்குக் கை முறிவு, ஒருத்திக்கு மூச்சிரைப்பு, இன்னொருவனுக்குக் காலில் ஆறாத புண். கருணை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். நிரப்பாத படிவத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

அந்த மருத்துவமனையின் நடைமுறை இது. முதல் இரண்டு வாரத்துக்கான மாத்திரையை உடனே தந்துவிடுவார்கள். அதற்குள் ஒரு களப்பணியாளர் முகவரிக்கு வந்து, ஆள் அங்கே இருக்கிறாரா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். அப்புறம்தான் மீதி. மொத்தம் ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் கிருமி மாத்திரைக்குப் பழகிவிடும், பிறகு அதே மாத்திரை கேட்காமல் போகலாம். நர்ஸ் இதைச் சொன்னபோது அவள் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாளாம்.

அந்தப் பதினான்கு நாளும் அவள் ஒன்றைக்கூட விடவில்லை. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டியது. வயிறு கலக்கினால் ஓடுவதற்குக் கழிப்பறை ஆறு மணிக்குத்தான் திறக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, ரத்தம் என்று பயந்து ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாள். மாத்திரை அட்டைகளை மழையிலிருந்தும் திருட்டிலிருந்தும் காப்பாற்ற ஒரு காலுறைக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்தாள். வீடு இருப்பவர்கள் அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகும் பொருள் அது.

3

களப்பணியாளர் வந்த அன்று நான் கடையில் இல்லை. காகிதக் கட்டு வாங்கப் போயிருந்தேன். கடையைப் பார்த்துக்கொண்டது என் மச்சான். தடித்த மீசை, அவசர புத்தி, எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கிற சுபாவம்.

களப்பணியாளர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "இந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா?"

மச்சான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இந்த முகவரியில அப்படி யாரும் இல்ல சார்."

நான் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் மச்சானை வாய்க்கு வந்தபடி—

4

எனக்கு மச்சான் கிடையாது. எனக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. மச்சானுக்கு வழியே இல்லை. மீசை மட்டும் என்னுடையது.

அன்று கடையில் இருந்தது நான்தான்.

காலை பதினொரு மணி. வரிசையில் ஏழெட்டுப் பேர். களப்பணியாளர் மரியாதையான மனிதர். பட்டியலைக் காட்டி, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "என்ன சார், உங்க கடை முகவரியில நாலு பேர் இருக்காங்க. இந்த எட்டுக்குப் பத்துக்குள்ள நாலு பேரும் எங்க படுக்கிறாங்க?"

பொய் முகவரி எழுதிக் கொடுக்கிற கடை என்று பெயர் வந்தால், பெயர்ப்பலகையைக் கழற்றச் சொன்னால், வரிசையில் நிற்பவர்கள் என்னைப் பார்த்தால் என்று ஒரே நேரத்தில் என்னென்னவோ ஓடியது. "எனக்குத் தெரியாது சார். இந்த முகவரியில அப்படி யாரும் இல்ல," என்றேன். அவர் நான்கு பெயர்களின் மேலும் கோடு போட்டார். மூன்று பேருக்கு வைத்தியம் எப்போதோ முடிந்திருந்தது. அவளுக்கு முடியவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த ஆளிடம் எத்தனை நகல் என்று கேட்டேன்.

ஒரு சப்பைக்கட்டு பாக்கி இருக்கிறது, அதையும் போட்டுவிடுகிறேன். நான் எழுதிய முகவரிதான் பொய். களப்பணியாளரிடம் நான் சொன்னது முழு உண்மை. அவள் என் கடையில் இல்லைதானே? இந்த வாதத்தை வைத்து ஒரு வாரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

5

மாத்திரை நின்றது. நான்காம் நாள் அவள் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, செக் பண்ற ஆள் வந்தப்ப நீங்க கடையில இல்லையா?"

இங்கே நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கே தெரியும். அதே சூட்டோடு மச்சானைப் பெற்றெடுத்தேன். "வேற ஆள் இருந்தாரும்மா. அவருக்கு விவரம் தெரியாது."

"சரி, பரவால்லண்ணே. நானே பேசிக்கிறேன்," என்று கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் கவுன்டருக்குப் போனாள். தினமும் திருப்பி அனுப்பினார்கள். என் கடையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். போகும்போது வேகமாகப் போவாள். வரும்போது நடுவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டாம் வாரத்தில், கார் கூரையைத் துடைக்கக் கை எட்டவில்லை என்று சின்னக் கார்களாகப் பார்த்துத் துடைப்பதாகச் சொன்னாள். பத்தொன்பது நாள் இப்படிப் போயிற்று.

அந்தப் பத்தொன்பது நாளும் நான் என்ன செய்தேன்? கதை எழுதினேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: அவள் இறந்துவிடுகிறாள். மழை பெய்கிறது. (நன்றாக வந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.)

முடிவு ஆ: ஒரு நல்ல டாக்டர் வருகிறார், விதிகளைத் தூக்கிப் போடுகிறார். (அப்படி ஒருவர் வரும்வரை அவள் மூச்சு விட வேண்டுமே.)

முடிவு இ: ஒரு நாள் அவள் வருவதில்லை. அடுத்த நாளும் இல்லை. கதைசொல்லி சாலையைப் பார்த்துக்கொண்டே—

(இதில் சாலையைப் பார்ப்பதைத் தவிர கதைசொல்லிக்கு வேறு வேலையே இல்லை என்பதைக் கவனித்தேன். நிறுத்திவிட்டேன்.)

6

தூண் இருபத்தேழுக்கும் என் கடைக்கும் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வீணான காகிதத்தைக் கட்டி வைப்பேன். அவர்களில் யாராவது வந்து எடுத்துப்போய், ஈரத் தரையில் அட்டைக்கு அடியில் விரித்துக்கொள்வார்கள். இருபதாம் நாள் காலை நான் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். அதில் கதையும் போய்விட்டது. ஒரு பக்கம் யாரோ ஒருவருடைய தலையில்லாத அடையாள அட்டை, மறுபக்கம் நான்காம் பகுதி. எந்தப் பக்கம் வீண், எந்தப் பக்கம் கதை என்று பிரித்து வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மறுநாள் பத்து மணிக்கு அவள் வந்தாள். வரிசையில் பத்துப் பேர். காகிதங்களைக் கவுன்டர் மேல் போட்டாள்.

"இது உன் எழுத்துதானே?"

அதுவரை 'நீங்க' என்றவள். அன்று 'நீ'க்கு மாறியவள் இன்றுவரை திரும்பவில்லை.

"ஆமாம்," என்றேன்.

"எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டுப் படிச்சோம். கூட்டிப் பெருக்க வந்த அக்காகூட நின்னு கேட்டாங்க. பாவம் அந்த மச்சான். பொறக்காத மனுஷன் மேல பழியைப் போட்டியே, உனக்கு மனசு உறுத்தலையா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"இந்த முடிவு அ. நான் செத்துட்டா கதை நல்லா வருதா?"

"அது சும்மா எழுதிப் பார்த்தது..."

"சும்மாதான் அந்த ஆள்கிட்டயும் தெரியாதுன்னு சொன்னியா?" குரல் உடைந்தது. அழுகையா மூச்சிரைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "பத்தொன்பது நாள்ணே. தெனம் கவுன்டர்ல போய், அந்த ஜெராக்ஸ் கடை அண்ணன் நல்லவரு, அவர் இல்லாத நேரமாப் பார்த்து வந்துட்டீங்கன்னு உனக்காகச் சண்டை போட்டேன். எனக்காகக்கூட இல்ல. உனக்காக."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"மன்னிப்பெல்லாம் கதையில எழுதிக்கோ. இப்ப கடையைச் சாத்து. வா."

"இத்தனை பேர் நிக்கிறாங்களே..."

"அன்னைக்கும் நின்னாங்க."

கடையைச் சாத்தினேன்.

7

நெஞ்சுநோய்ப் பிரிவில் மாத்திரை வழங்கும் நர்ஸ் மேசையில் இருந்தார். களப்பணியாளரும் பட்டியலோடு பக்கத்தில் நின்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக நான் எதையும் சொன்னதில்லை. முன்னும் பின்னுமாக, தடுமாறி, எல்லாவற்றையும் சொன்னேன். முகவரி எழுதியது நான், இல்லை என்றதும் நான், பயந்துவிட்டேன் என்றேன்.

களப்பணியாளருக்கு என்னைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. "ஆனா சார், அவங்க உங்க கடையில தங்கலைதானே? அப்ப நீங்க சொன்னது சரிதானே? நான் என்னத்தைக் குறிக்கிறது?"

நானே ஒரு வாரம் அந்த வாதத்தில்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். வக்கீல் முன்னால் வந்தாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். முகவரி எதுக்கு?"

"எதுக்குன்னா? மாத்திரை வாங்க வரலைன்னா ஆளைத் தேடி வரணும்ல?"

"தூணுக்குத் தேடி வந்தா நான் இருக்க மாட்டேன். வாரத்துல ரெண்டு நாள் போலீஸ் எழுப்பி விட்டுரும். ஆனா தெனம் காலையில ஒன்பது மணிக்கு இந்த ஆள் கடை வாசல்ல நிப்பேன். மழை பெஞ்சாலும் நிப்பேன், இவர் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்கலைன்னாலும் நிப்பேன். மாத்திரையை அங்கேயே வைங்க, இவர் முன்னாடி விழுங்குறேன், இவர் கையெழுத்துப் போடட்டும். தூங்குற இடத்துல கிடைக்க மாட்டேன், அங்க கிடைப்பேன். இப்பச் சொல்லுங்க, எது என் முகவரி?"

இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுவில் இரண்டு முறை இருமலுக்காக நிறுத்தினாள். நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்தாள்.

நர்ஸ் களப்பணியாளரைப் பார்த்தார். "தேடினா ஆள் கிடைக்கணும், அவ்வளவுதானே நமக்கு?" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். அந்தப் பார்வையில் துளிகூட இரக்கம் இல்லை. "திரும்பச் சளி பார்க்கணும். இந்த மாத்திரை இன்னும் கேக்குதான்னு தெரிஞ்சாத்தான் ஆரம்பிக்க முடியும். கேட்டா முதல் நாளிலிருந்து ஆறு மாசம். ஒரு நாள் விடக்கூடாது. நீங்க கையெழுத்துப் போடுவீங்களா? இல்ல, அன்னைக்கும் மச்சான் வந்துருவாரா?"

(கதையை அவரும் படித்திருந்தார். அவள் என்னிடம் வருவதற்கு முன்னாலேயே இங்கே வந்து, கதவு இடுக்கில் ஒரு தாளைச் சொருகிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். ஆதாரத்தை முன்கூட்டியே சமர்ப்பித்துவிட்டாள்.)

சோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. முடிவு வந்தது. பழைய மாத்திரையே கேட்கும். அவள் அதைச் சொல்லிவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். வக்கீல் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நானும் ஷட்டருக்குப் பின்னால் போய் அழுதேன்.

8

என் கடைச் சுவரில் இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. லேமினேஷன் போடவில்லை, போட்டால் எழுத முடியாது. நூற்று எண்பது கட்டங்கள். இன்று நாற்பத்தோராவது. முந்தின நாற்பதிலும் என் கையெழுத்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடையைத் திறக்கிறேன்.

நெருக்கமாகப் படுப்பவர்களையும் சோதிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். மற்ற நான்கு பேருக்கும் படிவம் நிரப்பிவிட்டேன். முகவரிக் கட்டத்தில் என் கதவு எண், அதன் கீழே 'காலை 9 மணி'. கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.

கதையின் மூலப்பிரதி அவளிடம் இருக்கிறது. மூன்று முடிவுகளையும் குறுக்கே அடித்துவிட்டாள். 'அ'வை மட்டும் தாள் கிழிகிற அளவுக்கு அடித்திருக்கிறாள். நீங்கள் படிப்பது நகல்.

"அப்ப எப்படித்தான் முடிக்கிறது?" என்று நேற்றுக் கேட்டேன்.

"நூத்தி நாப்பது நாள் பாக்கி இருக்கு. அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?"

"படிக்கிறவங்க முடிவு கேப்பாங்க."

தண்ணீரை வாயில் ஊற்றி, மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினாள். அது நர்ஸ் போட்ட நிபந்தனை. பிறகு சொன்னாள். "கேட்டா, கடைக்கு வரச் சொல்லு."

ஆகவே வாருங்கள். கடை சின்னது, உள்ளே இடமில்லை. கவுன்டருக்கு வெளியே நில்லுங்கள். மணி ஒன்பதாக இரண்டு நிமிடம் இருக்கிறது. இயந்திரத்தில் காகிதம் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் கட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன். ஐந்து நிமிடம். அதுவரை கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். மச்சான் இல்லாத கடை, யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒருவர் வண்டியை நிறுத்துகிறார். இன்று புதிய ஆள், உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. கையில் பட்டியல், ஐந்து பெயர்கள். தெருவின் அந்தப் பக்கம், வண்டிகளுக்கு நடுவே, அவள் கடக்க நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் நான்கு பேர். அவர் இன்னும் அவர்களைப் பார்க்கவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் உங்களிடம் கேட்கிறார்.

"இந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா?"